ஹேம்ஸ்டர் கூண்டுக் கம்பியைக் கடிக்கிறதா? எப்போது, எங்கே கடிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் விளக்கெல்லாம் அணைந்து, பக்கத்து வீட்டு டிவியும் ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பிக்கும். கம்பி அதிரும், கொஞ்சம் நிற்கும், மறுபடி அதிரும். பினாங்கில் அடுக்குமாடி வீடுகளில் ஹேம்ஸ்டர் வளர்ப்பவர்கள் பலருக்கும் இது தெரிந்த சத்தம்தான். ஹேம்ஸ்டர் விற்ற கடையில் போய்க் கேட்டால், "பல்லு வளருதுமா, தேய்ச்சுக்குது, அது அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அதில் பாதி சரி. ஹேம்ஸ்டரின் நான்கு முன்பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அவற்றைத் தேய்க்க இரும்புக் கம்பி தேவையில்லை. கடினமான தானியத்தைக் கொறிப்பதிலும், குச்சியைக் கடிப்பதிலும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசுவதிலுமே அவை தேய்ந்துவிடும். கம்பியே இல்லாத கண்ணாடித் தொட்டியில் வளரும் ஹேம்ஸ்டருக்கும் பல் நன்றாகத்தான் இருக்கிறது. கம்பியைக் கடிக்கும் ஹேம்ஸ்டர் பெரும்பாலும் வெளியே போக வழி தேடுகிறது, அல்லது கூண்டுக்குள் ஏதோ ஒன்று அதற்குப் போதவில்லை. அந்த ஒன்று என்ன என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

அதற்கு முன், செய்யவே கூடாத ஒன்று. கம்பியில் மிளகாய்த் தூள், வினிகர், கோடாலித் தைலம் என்று எதையும் தடவாதீர்கள். ஹேம்ஸ்டர் உலகத்தை அறிவது மூக்கால். நமக்கே கண் எரியும் தைலத்தின் நடுவில் ஓர் இரவு முழுக்க அடைபட்டிருப்பது அதற்குப் பெரிய வேதனை. கம்பியை விட்டுவிட்டு வேறு இடத்தைக் கடிக்கும், அவ்வளவுதான். கூண்டைத் தட்டுவதும் அதட்டுவதும் இன்னும் மோசம். பயந்த ஹேம்ஸ்டர் முன்னைவிட அதிகமாகத் தப்பிக்கப் பார்க்கும்.

முதலில் இரண்டு மூன்று இரவு கவனியுங்கள்

பழைய கைப்பேசி இருந்தால் கூண்டுக்கு எதிரே சாய்த்து வைத்து, மங்கலான வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். எந்த நேரத்தில் கடிக்கிறது, எந்த இடத்தில் கடிக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

வாயை உற்றுப் பார்த்தால் நிறையவே தெரியும். சும்மா ருசி பார்க்கும் ஹேம்ஸ்டர் கம்பியை இரண்டு முறை கவ்விவிட்டு நகர்ந்துவிடும். வெளியே போகத் துடிக்கும் ஹேம்ஸ்டர் முன்னங்கால்கள் இரண்டாலும் கம்பியைப் பிடித்து, மூக்கை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நுழைத்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி இழுக்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். அந்த இடத்துக் கம்பியில் பெயிண்ட் உரிந்து பளபளப்பாகி இருக்கும். முதல் வகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டாவதைப் பார்த்தால் கீழே படியுங்கள்.

இரவு முழுக்க, ஒரே மூலையில் கடிக்கிறது

பத்தில் எட்டு வீட்டில் இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். காரணம்: கூண்டு சிறியது, பெட்டிங் (கூண்டுத் தரையில் பரப்பும் மரத்தூள், காகிதத் துகள் போன்றவை) ஆழமில்லை.

இங்கே கடைகளில் அதிகம் விற்பவை, கலர் கலரான குழாயும் ஏணியும் வைத்த சிறு மாடிக் கூண்டுகள். பார்க்க அழகு. ஆனால் ஹேம்ஸ்டர் ஏணி ஏறும் பிராணியில்லை, தோண்டும் பிராணி. இன்று வீடுகளில் வளரும் சிரியன் ஹேம்ஸ்டர்களின் மூதாதையர், 1930-இல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட தாயும் குட்டிகளும். அதே பகுதியில் பிற்காலத்தில் காட்டு ஹேம்ஸ்டர்களின் வளைகளை அளந்து பார்த்தபோது, சராசரி ஆழம் 65 செ.மீ. இருந்தது. அப்படிப்பட்ட பிராணியை இரண்டு விரல்கடை மரத்தூள் மேல் விட்டால் அது என்ன செய்யும்? தோண்டும், உடனே பிளாஸ்டிக் தரை தட்டும், பிறகு கம்பிக்கு வரும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சிரியன் ஹேம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழமுள்ள பெட்டிங்கில் தனித்தனியாக வைத்தார்கள். 2006-இல் வெளியான முடிவு: 10 செ.மீ. பெட்டிங்கில் இருந்தவை மற்றவற்றைவிடக் கம்பியை அதிகம் கடித்தன. 80 செ.மீ. பெட்டிங்கில் இருந்தவை கடித்ததைப் பார்க்கவே முடியவில்லை. மறுவருடம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், 1,800 முதல் 10,000 சதுர செ.மீ. வரை நான்கு அளவுக் கூண்டுகளை ஒப்பிட்டார்கள். கம்பி கடிப்பது எல்லா அளவிலும் இருந்தது. ஆனால் சிறிய கூண்டுகளில் அடிக்கடியும் அதிக நேரமும் கடித்தன. இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியானது: கூண்டை மட்டும் பெரிதாக்கினால் போதாது, ஆழம் வேண்டும். யாராவது "ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும்" என்றால் பெட்டிங்கை ஆழமாக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

நம் வீட்டில் 80 செ.மீ. கொட்ட முடியாது. ஒரு பாதியிலாவது 25 முதல் 30 செ.மீ. ஆழம் கொடுங்கள். மறுபாதியைத் தாழ்வாக விட்டு அங்கே ஓடுவதற்கான வீல், தண்ணீர், உணவுத் தட்டு வையுங்கள். காகித பெட்டிங்கை அப்படியே உதிரியாகக் கொட்டினால் வளை நிற்காது, சரிந்துவிடும். அடுக்கடுக்காகப் போட்டு உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். நடுவில் கொஞ்சம் காய்ந்த புல்லைச் சேர்த்தால் வளை நன்றாக நிற்கும். ஆரம்பத்துக்கு டிஷ்யூ தீர்ந்த அட்டை உருளை ஒன்றைச் சாய்வாகப் புதைத்து வைத்தால் போதும். மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும். வாசனை சேர்த்த மரத்தூள் வேண்டாம். தேவதாரு மரத்தூளும், பதப்படுத்தாத பைன் மரத்தூளும் வேண்டாம், மூச்சுக்குழாயைக் கெடுக்கும்.

கூண்டின் தரைப்பரப்புக்கு, ஜெர்மனியில் விலங்கு நலனுக்காக இயங்கும் கால்நடை மருத்துவர் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 100 × 50 செ.மீ., உயரம் 50 செ.மீ. இந்த அளவில் கடைக்கூண்டு வாங்கப் போனால் விலை பயமுறுத்தும். அதனால்தான் இங்கே பலர் பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியைக் கூண்டாக மாற்றுகிறார்கள். பத்து காவான் ஐகியாவில் கிடைக்கும் 130 லிட்டர் சாம்லா பெட்டி 79 × 57 செ.மீ., அதாவது ஏறக்குறைய 4,500 சதுர செ.மீ. சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் 43 செ.மீ. உயரம் இருப்பதால் ஆழமாக பெட்டிங் போடலாம். மிஸ்டர் டிஐஒய் போன்ற கடைகளிலும் பெரிய பெட்டிகள் உண்டு. அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம், உயரமான பெட்டி லிட்டரில் பெரிதாகவும் தரையில் சின்னதாகவும் இருக்கும்.

மூடியின் நடுவே பெரிய சதுரம் வெட்டி, அங்கே கம்பிவலையை போல்ட் நட்டு போட்டு இறுக்குங்கள். வலைக்கண் சிரியனுக்கு 1 செ.மீ., குள்ள வகைக்கு அதைவிடச் சிறியது. வலையை மூடியில் மட்டும் வைப்பது நல்லது. பக்கச் சுவர் வழவழப்பாக இருந்தால் பல் பிடிக்க இடமே இருக்காது. பெட்டியின் பக்கத்தில் துளை போட்டால் அந்தத் துளையின் விளிம்புதான் அடுத்த கடிக்கும் இடம் ஆகும். நம் ஊர் வெக்கைக்கு மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் போதாது. மூடியின் பெரும்பகுதி வலையாகவே இருக்கட்டும்.

வீல் இருக்கிறது, ஆனாலும் கடிக்கிறது

வீலில் ஓடும்போது பக்கவாட்டிலிருந்து முதுகைப் பாருங்கள். முதுகு நேராக இருக்க வேண்டும். வளைந்து, தலை மேல்நோக்கித் தூக்கியிருந்தால் வீல் சின்னது. சிரியனுக்கு 28 செ.மீ. விட்டம், குள்ள வகைக்கு 20 செ.மீ. இருந்தால் நல்லது. கூண்டோடு இலவசமாக வரும் வீல் ஏறக்குறைய எப்போதுமே சின்னதுதான். படிக்கம்பி போட்ட வீலில் கால் சிக்கும், மூடிய தளம் உள்ளதாக வாங்குங்கள். அப்புறம், சத்தம் போடுகிறது என்று சிலர் இரவில் வீலைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அன்று இரவு கம்பிச் சத்தம் நிச்சயம். அச்சில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டாலே வீல் சத்தம் அடங்கும்.

நாம் பக்கத்தில் போனால் மட்டும் கடிக்கிறது

இது நாம் சொல்லிக்கொடுத்தது. கம்பியைக் கடித்தது, பாவம் என்று ஒரு சூரியகாந்தி விதை கொடுத்தோம். மறுநாளும் கடித்தது, வெளியே எடுத்து விளையாட விட்டோம். கடித்தால் கிடைக்கும் என்று அதற்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ரொம்ப சகஜம்.

கடிக்கும்போது எதுவும் கொடுக்காதீர்கள், கதவைத் திறக்காதீர்கள். நிறுத்தி, வேறு பக்கம் திரும்பிய பிறகு கொடுங்கள். முதல் சில நாள் முன்னைவிட அதிகமாகக் கடிக்கும். அந்த நேரத்தில் மனம் இளகி ஒரு விதை கொடுத்தாலும் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், பாட்டியும் சேர்த்துத்தான்.

கூடவே, வெளியே விடுவதற்கு ஒரு நேரம் வையுங்கள். இங்கே பொழுது சாய ஏழரை மணி ஆகிறது. ஹேம்ஸ்டர் எழுந்து முகம் கழுவி, கொஞ்சம் சாப்பிட்ட பிறகு, எட்டரை ஒன்பது மணி வாக்கில் அரை மணி நேரம் வேலி போட்ட இடத்தில் விடலாம். அது கேட்பதற்கு முன்பே கொடுப்பதுதான் இதில் முக்கியம்.

பகலில் கடிக்கிறது

பகலில் தூங்க வேண்டிய பிராணி எழுந்து வந்து கடித்தால், அதைத் தூங்கவிடாமல் ஏதோ தொந்தரவு செய்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூடு.

ஹேம்ஸ்டருக்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 20 முதல் 24 டிகிரி. பினாங்கில் மதியம் 31, 32 சர்வ சாதாரணம். மேற்கு பார்த்த பால்கனி உள்ள கொண்டோ என்றால் மூன்று மணிக்கு மேல் அந்த அறை அடுப்படிதான். கூண்டு இருக்கும் மட்டத்தில், வெயில் படாமல், ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 28-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள்: உள் அறை, தரைக்குப் பக்கம், காற்றோட்டமான இடம். ஒரு பீங்கான் ஓடு அல்லது கிரானைட் துண்டைக் கூண்டுக்குள் வைத்தால் அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுக்கும். ஏர்கோன் போடும் அறையில் வைக்கலாம், ஆனால் காற்று நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது. பகலில் அணைத்துவிட்டு இரவில் மட்டும் போடுவதால் ஏறி இறங்கும் வெப்பமும் அதற்கு ஆகாது. ஏர்கோன் இல்லையென்றால், உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்பக்கம், ஒரு மூலையில் சாய்த்து வையுங்கள். குளிர் பிடிக்காவிட்டால் நகர்ந்துபோக அதற்கு மறுபக்கம் இருக்க வேண்டும்.

ஹேம்ஸ்டர் தட்டையாகப் படுத்து வேகமாக மூச்சு வாங்கினால், வாயோரம் ஈரமாக இருந்தால், தொட்டும் எழாவிட்டால், அது வெப்பத்தாக்கு. கம்பிக் கதையை விடுங்கள். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியின் மேல் படுக்க வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

சூடு இல்லையென்றால் சத்தத்தையும் வெளிச்சத்தையும் பாருங்கள். டிவிக்குப் பக்கத்தில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், பூனை வந்து உட்காரும் சன்னலுக்குப் பக்கத்தில் கூண்டு இருந்தால் அதற்கு நிம்மதியே இருக்காது. தீபாவளி வெடி ஒருபக்கம், சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன் மக்கள் ஜேட் பேரரசரை வரவேற்று வெடிக்கும் வெடி இன்னொரு பக்கம். பினாங்கில் அந்த இரவு எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட நாட்களில் சாயங்காலமே கூண்டை உள் அறைக்கு மாற்றி, பெட்டிங்கை இன்னும் ஒரு கை அதிகம் போட்டு, மூன்று பக்கம் துணி தொங்கவிடுங்கள். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். அன்று கடித்தால் அது கூண்டின் குறையில்லை, பயம்.

கூண்டைச் சுத்தம் செய்த அன்று கடிக்கிறது

முழுவதையும் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, புது பெட்டிங் போட்டால் நமக்கு மனசுக்குத் திருப்தி. ஹேம்ஸ்டருக்கு அது தன் வாசனையே இல்லாத அந்நிய இடம். ஈரமான மூலையை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அள்ளுங்கள். பெரிய சுத்தம் செய்யும்போது பழைய பெட்டிங்கில் காய்ந்த பகுதியில் பாதிக்கு மேல் திரும்பப் போடுங்கள். அதன் கூட்டையும் அது சேர்த்துவைத்த தீனியையும் கலைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தண்ணீர்ப் போத்தல் ஒழுகும் இடத்தையும், ஒளித்துவைத்த காய்கறித் துண்டையும் மட்டும் தேடி எடுத்துவிடுங்கள்.

நான்கு நாளுக்கு ஒருமுறை கடிக்கிறது

பெண் சிரியனாக இருக்கும். அதன் சினைப்பருவச் சுழற்சி நான்கு நாள். அந்த ஓர் இரவு நிலைகொள்ளாமல் அலையும், வீலிலும் அதிகம் ஓடும். நோயில்லை.

ஒரே கூண்டில் இரண்டு ஹேம்ஸ்டர்

"ஜோடியாக வாங்கினால்தான் தனிமையில் வாடாது" என்று சொல்லி விற்பார்கள். நம்பாதீர்கள். சிரியன் வளர்ந்த பிறகு தனியாகத்தான் வாழும். சேர்த்து வைத்தால் சண்டை போட்டு ஒன்று இறக்கும் அளவுக்குப் போகும். குள்ள வகைகளும் நேற்று வரை கட்டிப்பிடித்துத் தூங்கிவிட்டு இன்று ரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். ஒன்று எப்போதும் ஓரமாக நின்று கம்பியைக் கடித்தால், காதிலோ பின்பக்கத்திலோ காயம் தெரிந்தால், அது அடுத்ததிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறது. இன்றைக்கே வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

கம்பியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வீடு, குழாய், தட்டு என்று கடிக்கிறது

இதற்குக் கடிக்க நல்ல பொருள் கிடைக்கவில்லை. தாமான் வீட்டில் மருந்து அடிக்காத கொய்யா மரம் இருந்தால் விரல் தடிமனுள்ள கிளை ஒன்றை வெட்டி, கழுவி, கொதிநீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். பட்டையை உரித்து உரித்து அது செய்யும் வேலையைப் பார்க்க ஆசையாக இருக்கும். சுரண்டிக் காயவைத்த தேங்காய்ச் சிரட்டையும் நல்லது, அதையே வீடாகவும் வைத்துக்கொள்ளும். ஈரம் போகாமல் வைத்தால் சிரட்டையில் பூஞ்சை வரும், கவனம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைக் கிளைகள் வேண்டாம்.

தீனியைத் தட்டில் குவிப்பதற்குப் பதிலாக பெட்டிங் மேல் தூவிவிடுங்கள். அதன் வழக்கமான தீனிக் கலவையோடு, லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் கிடைக்கும் தினை, கம்பு ஒரு சிட்டிகை. தேடித் தேடி எடுப்பதிலேயே இரவில் பாதி போய்விடும்.

மூக்கில் முடி உதிர்ந்திருக்கிறது, தாடை ஈரமாக இருக்கிறது

இதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம். கம்பியில் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல்பக்கம் வழுக்கையாவது முதல் அடையாளம். அது புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ, முன்பல் ஒன்று உடைந்தோ கோணியோ இருந்தாலோ, தீனியைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாலோ டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். பல் மஞ்சளாக, ஆரஞ்சு நிறமாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வளர்ந்த ஹேம்ஸ்டருக்கு அதுதான் ஆரோக்கியமான நிறம். கோணிய பல்லை நகவெட்டியால் வெட்டவே கூடாது. பல் நீளவாக்கில் பிளந்து வேர் வரை போய்விடும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தோடு எடை பாருங்கள். வளர்ந்த சிரியன் பெரும்பாலும் 100 முதல் 150 கிராம் இருக்கும், ரோபோ வகை (ரோபொரோவ்ஸ்கி எனும் மிகச் சிறிய குள்ள ஹேம்ஸ்டர்) 20 முதல் 25 கிராம்தான். அவ்வளவு சின்ன உடம்பில் சில கிராம் குறைந்தாலே பெரிய விஷயம். எல்லாக் கிளினிக்கிலும் ஹேம்ஸ்டர் பார்ப்பதில்லை. நாய், பூனை மட்டும் பார்க்கும் இடங்கள் நிறைய. நோய் வருவதற்கு முன்பே தீவிலோ பட்டர்வொர்த் பக்கமோ ஹேம்ஸ்டர் பார்க்கும் டாக்டர் யார் என்று போன் போட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாற்றியாச்சு, இன்னும் கடிக்கிறது

மாதக்கணக்கில் கடித்துப் பழகிய ஹேம்ஸ்டர் பெரிய கூண்டு கிடைத்த மறுநாளே நிறுத்தாது. சில வாரம் பொறுங்கள். வீடியோவில் கடிக்கும் நேரம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். குறைகிறது என்றால் சரியான வழியில்தான் போகிறீர்கள். மறுபடி மறுபடி பொருட்களை இடம் மாற்றாதீர்கள், அதுவே அதற்குப் புதுக் கலக்கம்.

கம்பிக் கூண்டை இப்போதைக்கு மாற்ற வழியே இல்லையென்றால், அது வழக்கமாகக் கடிக்கும் மூலையில் கம்பியின் உள்பக்கம் வழவழப்பான அக்ரிலிக் தகடு ஒன்றை, ஓரம் கம்பியை ஒட்டி நிற்கும்படி, வெளியிலிருந்து கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் அடைக்க வேண்டாம், காற்று போக வேண்டும். அந்த மூலையிலேயே பெட்டிங்கைக் கூண்டின் அடித்தட்டு விளிம்பு வரை உயர்த்தி, உள்ளே ஒரு அட்டைப்பெட்டியைப் பாதி புதைத்து வையுங்கள். கம்பி தேடி வரும் ஹேம்ஸ்டருக்கு அங்கே தோண்ட ஏதாவது கிடைக்கட்டும்.